மாடி கட்ட வைத்திருந்த பணத்தில் சிங்கம் பார்க்கப் போனோம்!

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மணவாள நகரில் பாதி வீடுகள் அப்படித்தான். கீழே கட்டி முடித்ததும் கை காய்ந்துவிடும். 'சீட்டு எடுத்ததும் மேலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம்' என்று கம்பியை வெட்டாமல் விட்டுவைப்போம். சுற்றி தொழிற்பேட்டைகள் இருப்பதால் வாடகைக்கு ஆள் வருவதில் குறையே இல்லை.

எங்கள் சீட்டும் முடிந்தது. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்த அன்று, ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "காட்டுல சிங்கம் பார்க்கணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசை. முட்டி நல்லா இருக்கும்போதே போய்ட்டு வந்துடலாமா?"

எட்டாவது படிக்கும் மகன் தட்டை விட்டு எழுந்து குதித்தான். நான் மாடியை நினைத்தேன். 67 வயதான என் மாமியார்தான் நிதானமாகக் கேட்டார், "எந்த ஊருப்பா?"

"சவுத் ஆப்பிரிக்கா."

"நேட்டாலா? அங்கதான் எங்க தாத்தாவோட அண்ணன் கப்பல் ஏறிப் போனாரு. திரும்பி வரவே இல்ல" என்றார். கல்யாணமாகி வந்த 16 வருடத்தில் நான் கேட்டிராத சேதி.

போன மாதம் போய் வந்துவிட்டோம். "எவ்வளவு ஆச்சு? விசா எப்படி? பயமா இல்லையா?" என்று ரயில் நிலையத்திலும் ரேஷன் கடையிலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எந்த ஆப்பிரிக்கா?

'சஃபாரி' என்றால் சுவாஹிலி மொழியில் பயணம். அரபியிலிருந்து போன சொல். இந்தியில் 'சஃபர்' என்கிறார்களே, அதே வேர்தான். முதலில் முடிவு செய்ய வேண்டியது, கிழக்கு ஆப்பிரிக்காவா, தெற்கு ஆப்பிரிக்காவா என்பது. லட்சக்கணக்கான மான்கள் ஆறு தாண்டும் காட்சியை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். அது கென்யாவின் மாசாய் மாரா, தான்சானியாவின் செரெங்கெட்டி. அங்கே பெரும்பாலும் வழிகாட்டியோடு ஜீப்பில்தான் போக வேண்டும்.

தெற்கே தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி. போட்ஸ்வானாவில் சோபே யானைக் கூட்டங்களும், கடலைச் சேராமல் மணலுக்குள்ளேயே விரிந்து அடங்கிவிடும் ஒகவாங்கோ ஆறும். நமீபியாவில் செம்மணல் குன்றுகள். ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையில் விக்டோரியா அருவி. 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். அருவிக்குக் கீழே ஜாம்பெசி ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிக்கத்தான் முதலில் பட்டியல் போட்டோம். நாடு கூடக் கூட விசா, விமானம், செலவு எல்லாம் கூடும். கையில் இருந்ததோ பள்ளியின் காலாண்டு விடுமுறை, ஒன்பது நாள். கடைசியில் தென்னாப்பிரிக்கா மட்டும் என்று சுருக்கினோம். அங்கே நாமே கார் ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போகலாம். நம் ஊர் போலவே சாலையின் இடப்பக்கம்தான் வண்டி. தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்தில் ஆங்கிலம் இருப்பதால் அதுவே செல்லும். ஆனாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச அனுமதியும் வாங்கிக்கொண்டோம்.

'சிங்கம்தானே, கிர் காட்டுக்குப் போனால் ஆகாதா?' என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆப்பிரிக்காவுக்கு வெளியே சிங்கம் காட்டில் வாழும் ஒரே இடம் குஜராத்தின் கிர் பகுதிதான். 2025 கணக்கெடுப்பில் அங்கே 891 சிங்கங்கள். செலவும் மிகக் குறைவு. ஆனால் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை கிர் மூடியிருக்கும். எங்கள் விடுமுறை அதற்குள் விழுந்தது. பணம் இடித்தால் நீங்கள் தயங்காமல் டிசம்பரில் கிர் போங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

எப்போது போகலாம்?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் பருவம் தலைகீழ். நமக்கு மே மாதக் கத்திரி என்றால் அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. க்ரூகர் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை இருக்காது. புல் காய்ந்து தாழ்ந்துவிடும், மரங்கள் இலை உதிர்த்துவிடும். குட்டைகள் வற்றி, மிருகங்களெல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாலே போதும். நவம்பருக்கு மேல் மழை வந்துவிட்டால் காடு பச்சைப் பசேல் என்றாகிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் பத்தடி தூரத்தில் சிங்கம் படுத்திருந்தாலும் தெரியாது.

அந்தக் கணக்கில் செப்டம்பர் கடைசி அருமையான நேரம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே இடைஞ்சல், புரட்டாசி! திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை விட்டுவிட்டு புரட்டாசி சனிக்கிழமை வெளியூரில் இருப்பதா என்று மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கணவருக்கு வேறு கவலை. சுட்ட இறைச்சிக்குப் பேர் போன நாட்டுக்குப் போய் மாதம் முழுக்க சைவமா? கடைசியில் பெருமாளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதல் சனிக்கிழமை இங்கே மாவிளக்கு போட்டுவிட்டுக் கிளம்புவது என்று சமாதானம் ஆனது.

காகிதப் படலம்

இந்தியர்களுக்குத் தென்னாப்பிரிக்க விசா கட்டாயம். சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் போய்க் கொடுத்தோம். பாஸ்போர்ட்டில் குறைந்தது இரண்டு பக்கமாவது வெற்றாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, கம்பெனியின் விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, பயணக் காப்பீடு என்று ஃபைல் கனத்துக்கொண்டே போனது. விசா வருமுன் முன்பதிவைக் காட்ட வேண்டியிருப்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளாகப் பார்த்துப் போடுங்கள். விதிமுறைகள் அடிக்கடி மாறுகின்றன. 2025 தொடக்கத்தில் இந்தியா, சீனாவிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் வழியாகக் குழுவாக வருபவர்களுக்குத் தனித் திட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. கிளம்பும் காலத்தில் என்ன நடைமுறை என்பதைத் தூதரக இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

எங்களைத் தடுக்கி விழ வைத்தது இவற்றில் எதுவும் இல்லை. மகனின் பிறப்புச் சான்றிதழ்!

தென்னாப்பிரிக்கா, சிறுவர்களின் பயண விஷயத்தில் கறார். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அம்மா அப்பா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். குழந்தைக் கடத்தலைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்துப் பார்த்தால், குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. பிறந்தவுடன் பெயர் வைக்கவில்லை, பதிந்தபோது அப்படியே விட்டுவிட்டோம். போதாக்குறைக்கு, அதில் என் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தது, பாஸ்போர்ட்டில் முழுப் பெயர்.

மகன் பிறந்த ஊரின் பதிவு அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்தேன். பதிவு செய்த 15 ஆண்டுக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்பது விதி. அவனுக்கு 13 என்பதால் தப்பித்தோம். பெயர் சேர்த்து, திருத்தம் செய்து, புதுச் சான்றிதழ் கைக்கு வர ஏழு வாரம். பயணமே போகாவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படிக்கும் பெற்றோர்கள் இன்றே பீரோவைத் திறந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிடுங்கள்.

மலிவு டிக்கெட் கற்றுத்தந்த பாடம்

சென்னையிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது மாற வேண்டும். தேடியதில் அடிஸ் அபாபா வழியாக ஒரு டிக்கெட் தலைக்கு பத்தாயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்தது. நடுவில் 14 மணி நேரக் காத்திருப்பு. பணம் கட்டும் நேரத்தில், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டு அண்ணன்தான் தடுத்தார். "மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுட்டீங்களா?"

தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. இந்தியாவிலும் கிடையாது. ஆனால் எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளில் உண்டு. அப்படிப்பட்ட நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தால், தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்புகிறவர்களை இங்கே தனிமையில் வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் கணக்கில் வரும். வயதானவர்களுக்கு மருத்துவர் யோசித்துத்தான் போடுவார்.

மாமியாரை நினைத்து, வளைகுடா வழியாகப் போகும் டிக்கெட்டையே எடுத்துவிட்டோம். கென்யா, தான்சானியா போகிறவர்கள் இந்த ஊசியைப் பயணத் திட்டத்தின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

மலேரியா வேறு விஷயம். க்ரூகர் தாழ்நிலப் பகுதியில் மலேரியா உண்டு. குளிர்காலத்தில் குறைவு, மழைக்காலத்தில் அதிகம். எங்கள் மருத்துவர் ஆளுக்குத் தகுந்தாற்போல் மாத்திரை எழுதித் தந்தார். போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் போட வேண்டும். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள் இருந்தால் மலேரியா இல்லாத பிலான்ஸ்பெர்க், மடிக்வே, ஆடோ போன்ற பூங்காக்களைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கேயும் சிங்கம், யானை எல்லாம் உண்டு.

எங்கே தங்கினோம்? எவ்வளவு ஆனது?

க்ரூகர் தேசியப் பூங்கா 1926-இல் அமைக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். நம் திருவள்ளூர் மாவட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்! ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். பூங்காவுக்குள்ளேயே வேலி போட்ட முகாம்கள் இருக்கின்றன. குடில், குளிர்சாதனப் பெட்டி, சமைக்க அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு. கிட்டத்தட்ட ஓராண்டு முன்பே இணையத்தில் பதிவு தொடங்கிவிடும். செப்டம்பர் 24 அவர்களுக்கு ஹெரிட்டேஜ் டே என்ற அரசு விடுமுறை, அதை ஒட்டி அவர்கள் ஊர்ப் பள்ளி விடுமுறையும் வரும் என்பதால் நாங்கள் பத்து மாதம் முன்பே பதிந்தோம். லோயர் சாபி முகாமில் இரண்டு இரவு, சடாராவில் இரண்டு இரவு.

க்ரூகரை ஒட்டித் தனியார் காடுகளும் உண்டு. திறந்த ஜீப், தேர்ந்த வழிகாட்டி, ராஜ உபசாரம். ஒரு தலைக்கு ஓர் இரவுக்கு ஆகும் செலவில் நாங்கள் நால்வர் முகாமில் நான்கு இரவு தங்கிவிடலாம். அதனால் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

வெளிப்படையாகக் கணக்கு சொல்கிறேன். நாலு பேருக்கு விமான டிக்கெட் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். விசா, காப்பீடு 45,000. வாடகைக் காரும் பெட்ரோலும் 42,000. பூங்காவில் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் கட்டணம் பெரியவர்களுக்கு 600 ராண்டை ஒட்டி, சிறுவர்களுக்குப் பாதி. ஒரு ராண்ட் என்பது ஏறக்குறைய நமது ஐந்து ரூபாய். அது ஆண்டுதோறும் ஏறும். அந்தக் கட்டணமும் முகாம் வாடகையும் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். உள்நாட்டு விமானம், மற்ற தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டியோடு போன சவாரிகள் எல்லாம் சேர்த்து மொத்தம் ஆறே முக்கால் லட்சம். சீட்டுப் பணம் ஐந்து. மீதிக்கு என் வளையல் இரண்டு அடகுக் கடையில் இருக்கிறது. ஒளிக்க என்ன இருக்கிறது?

ஒரு எச்சரிக்கை. வாடகைக் கார் எடுக்கும்போது, ஓட்டுகிறவர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். முன்பணமாக ஒரு தொகையை அதில் முடக்கி வைப்பார்கள். பல இடங்களில் டெபிட் கார்டு செல்லாது.

பூண்டியில் ஒத்திகை

கிளம்பும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். பைனாகுலரை எப்படிப் பிடிப்பது, பேசாமல் எப்படி உட்காருவது என்பதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். முதல் வாரம் பழவேற்காடு ஏரி. இரண்டாவது வாரம் பூண்டி நீர்த்தேக்கம்.

பூண்டியில் சின்னதாக ஒரு தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து அதிராம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இதே வடிவக் கோடரிகள் ஆப்பிரிக்காவில் இன்னும் பழையதாகக் கிடைக்கின்றன. "அப்போ அங்கேர்ந்து நடந்தே வந்தாங்களா ஆயா?" என்று மகன் கேட்டான். "நாம ஏன்டா டிக்கெட்டுக்கு மூணு லட்சம் குடுத்தோம்?" என்றார் மாமியார்.

காட்டுக்குள்

நேரம் அங்கே நம்மைவிட மூன்றரை மணி பின்னால். வீட்டில் ஆறு மணிக்கு எழுகிறவர்களுக்கு அங்கே இரண்டரைக்கே தூக்கம் கலைந்துவிடும். சஃபாரிக்கு அது வரம். காலை ஆறு மணிக்கு முகாம் கதவு திறக்கும்போது நாங்கள் முதல் வரிசையில் நின்றோம். விடியலில் நல்ல குளிர். ஊட்டிக்கு வாங்கிய குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் கைகொடுத்தன.

க்ரூகருக்கு முன் ஒரு நாள் கிராஸ்காப் என்ற சிற்றூரில் தங்கி, பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். மகனுக்கு சாகசம் வேண்டுமே! அவன் கேட்டது 216 மீட்டர் உயர புளூக்ரான்ஸ் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் குதிப்பது. நல்லவேளை, அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தென்கடற்கரையில் இருக்கிறது. கிராஸ்காப்பில் பாறை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்குக் காட்டுக்குள் இறங்கும் கண்ணாடி லிஃப்டில் ஏற்றிச் சமாதானப்படுத்தினோம்.

பூங்காவில் தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான். குறிப்பிட்ட இடங்கள் தவிர காரை விட்டு இறங்கவே கூடாது. கை, தலை வெளியே நீட்டக் கூடாது. மாலை கதவு மூடும் நேரத்துக்குள் முகாம் திரும்பாவிட்டால் அபராதம். முகாம் வரவேற்பறையில் ஒரு வரைபடப் பலகை இருக்கும். எங்கே எந்த மிருகத்தைப் பார்த்தார்கள் என்று வண்ணக் காந்தம் ஒட்டியிருப்பார்கள். காலையும் மாலையும் அதைப் பார்த்துத்தான் வழியை முடிவு செய்வோம்.

'பிக் ஃபைவ்' என்று சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஐந்தையும் சொல்வார்கள். நடந்து போய் வேட்டையாட மிக ஆபத்தானவை என்று அந்தக் கால வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் அது. அளவுக்கு அதில் சம்பந்தமில்லை. காண்டாமிருகம் பார்த்தால் மட்டும் படத்தை இடத்தோடு ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். கொம்புக்காகக் கொல்லும் கும்பல் அதையும் பார்க்கும்.

வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கும் பயணத்துக்கு வயது 12 முதல் 65 வரைதான். மகனும் அப்பாவும் போனார்கள். மாமியாருக்கு அனுமதி இல்லை. லோயர் சாபியில் ஆற்றைப் பார்த்த திண்ணையில் உட்கார்ந்து, நீர்யானைகள் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே சகஸ்ரநாமம் சொல்லி முடித்தார். நான் காவல், குரங்குகளுக்கு! திருத்தணிக் குரங்குகளுக்குச் சளைத்தவை இல்லை அவை. பிஸ்கட் பாக்கெட் ஒன்று கண்ணெதிரில் போனது.

மூன்றாம் நாள் லோயர் சாபியிலிருந்து சடாராவுக்கு. தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்குதிரைக்கும் நின்றால் நாள் முழுக்க ஆகும். நாங்கள் நின்றோம். மாலை ஐந்து மணி. இன்னும் 20 கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கதவு மூடும். அப்போதுதான் சாலையை மறித்து யானைக் கூட்டம். தாய், குட்டி, பெரியவை சின்னவை என்று முப்பதுக்கு மேல் இருக்கும். கடைசியில் வந்த பெரிய ஆண் யானை நடுச்சாலையில் நின்று எங்கள் காரையே பார்த்தது. என் கணவர் எஞ்சினை அணைக்காமல் மெல்ல மெல்லப் பின்னால் எடுத்தார். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கை என்பதால் நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கியது. ஐந்து நிமிடம், பத்து, பதினைந்து. ஹாரன் அடிக்கவே கூடாது.

"கஜேந்திரன் நின்னா பெருமாளே வந்தாதான் உண்டு. சும்மா இருங்க" என்றார் மாமியார். பெருமாள் வந்தாரோ என்னவோ, 5.25-க்கு யானை காதை ஒருமுறை விசிறிவிட்டு இறங்கிப் போனது. கதவைத் தொட்டபோது மணி 5.52. அன்றிலிருந்து மூன்று மணிக்கே திரும்பத் தொடங்கிவிடுவது என்று சட்டம் போட்டோம். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கம்? மறுநாள் காலை 6.40-க்கு. தேடவே இல்லை. எதிரே நான்கு கார்கள் நின்றிருந்தன, நாங்களும் நின்றோம். தார்ச் சாலை நடுவில் ஒரு பெண் சிங்கம், வேலைக்குப் போகிற மாதிரி அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல் நடந்து வந்தது. பின்னால் இன்னும் இரண்டு. ஏற்றிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் கணவரின் முழங்கையிலிருந்து இரண்டடியில் அதன் முதுகு போனது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், கண் நிறைந்திருந்தது. 20 வருடம் ஷிஃப்ட் பார்த்த மனிதர். மாடி போர்ஷனைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

டர்பனில் புரட்டாசி சனி

வெள்ளிக்கிழமை விடியலில் சடாராவை விட்டு ஜோஹன்னஸ்பர்க் வந்து, மாலை விமானத்தில் டர்பன். இது மாமியாருக்காக வைத்த பகுதி.

1860 அக்டோபரில் மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனைச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் தமிழ், தெலுங்கு மக்கள் அதில் இருந்தார்கள். 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி மதராஸ் துறைமுகம் வழியாக. நம் திருவள்ளூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல்தானே பிரிந்தது! கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணோ பெயரோ தெரிந்தால் இன்றும் தேடலாம்.

மாமியாருக்குத் தெரிந்தது 'பெரிய தாத்தா' என்ற முறை மட்டும். பெயரைச் சொல்ல அவர் வீட்டில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. தேட வழியில்லை என்று தெரிந்தேதான் வந்தார்.

சனிக்கிழமை காலை, தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலுக்குப் போனோம். வாசலில் மஞ்சள் புடவைகள், வேட்டிகள். நாமம் போட்ட சின்னப் பையன்கள். உள்ளே 'கோவிந்தா, கோவிந்தா' என்று முழக்கம். அவர்களும் புரட்டாசி விரதமாம்! மாதம் முழுக்க இறைச்சி தொடுவதில்லையாம். 'புர்ட்டாசி' என்கிறார்கள். வந்து நூறு, நூற்றைம்பது வருடம் ஆகிறது. பேச்சில் தமிழ் போய்விட்டது. மாதம் போகவில்லை, சனிக்கிழமை போகவில்லை.

மாமியார் வயதில் ஓர் அம்மா பக்கத்தில் வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இவருக்குப் புரியவில்லை. இவர் தமிழில் சொன்னது அவருக்குப் புரியவில்லை. மகன் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். "எங்கேர்ந்து வந்தீங்கன்னு கேக்கறாங்க ஆயா." "திருவள்ளூர்னு சொல்லு. வீரராகவர் ஊருன்னு சொல்லு." அந்த அம்மாவுக்கு அந்த ஊர் தெரியவில்லை. தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்பதும் தெரியவில்லை. 'மெட்ராஸ்' என்று மட்டும் சொன்னார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விடவே இல்லை. வாழை இலையில் சாப்பாடு போட்டார்கள். சாம்பாரில் காரம் தூக்கலாக இருந்தது.

மதியம் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாக் கடைகள். குவித்து வைத்த மிளகாய்ப் பொடியில் மிகக் காரமானதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மாமியார் மசாலா'! மாமியாரை ஒழித்துக்கட்டும் காரமாம். கால் கிலோ வாங்கினேன். வாங்கித் தந்தவர் மாமியாரேதான்.

கிளம்புகிறவர்களுக்கு...

* தென்னாப்பிரிக்க மின் இணைப்புக்கு நம் வீட்டு ஏ.சி., கீசருக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக்தான். உள்ளூர் எலெக்ட்ரிக் கடையில் மாற்று பிளக் மலிவாகக் கிடைக்கும்.

* நகரங்களில் இருட்டிய பிறகு நடக்காதீர்கள். நெடுஞ்சாலையிலும் இரவு ஓட்ட வேண்டாம். கார் இருக்கையில் பையோ போனோ தெரியும்படி வைக்காதீர்கள். தங்க நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

* அரிசி, பருப்பு அங்கேயே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். பழம், விதை, பால் பொருட்கள், இறைச்சி எடுத்துப் போனால் விமான நிலையத்தில் சிக்கல். நாங்கள் கொண்டுபோனது புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும்தான்.

* ஆளுக்கொரு பைனாகுலர் வேண்டாம், வீட்டுக்கு ஒன்றாவது வேண்டும். பளிச்சென்ற நிறம் தவிர்த்து, மங்கலான உடை.

* ஒரு முகாமில் குறைந்தது இரண்டு இரவு. ஓடிக்கொண்டே இருந்தால் சாலைதான் மிஞ்சும்.

* அம்மா, மாமியார் வயதில் இருப்பவர்களை 'அவங்களால முடியாது' என்று விட்டுவிடாதீர்கள். காரில் உட்கார்ந்தபடி பார்க்கும் காட்டுக்கு முட்டி தேவையில்லை.

மொட்டை மாடியில் கம்பி அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது. புதுச் சீட்டில் சேர்ந்திருக்கிறோம். முதல் தவணை வளையலை மீட்க, பிறகு மாடி. மாலையில் மகன் பைனாகுலரோடு மேலே ஏறிவிடுகிறான். தண்டவாளம் தாண்டிப் போகும் கொக்குக் கூட்டத்தை எண்ணுகிறான். துணி எடுக்கப் போன மாமியாரும் நேற்று அதை வாங்கிப் பார்த்தார். "ஒரு மாடி ஏறினா இவ்வளவு தெரியுதே" என்றார். சீக்கிரம் கட்டச் சொல்கிறாரா, கட்ட வேண்டாம் என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.